தண்ணீர் தெளிக்காமல் ஒரு இலைப் பதியம்

கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போதுதான் சென்னையில் சக்குலன்ட் என்னும் சதைப்பற்றுச் செடிகளின் இலைப் பதியத்துக்கு, அதாவது பறித்த இலையிலிருந்தே புதுச் செடி வளர்ப்பதற்கு, வேளை வருகிறது. ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. பகலும் 30ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. இந்தப் பருவத்தில் இலைகளை வேர்விட வைத்துக் குட்டிகளைத் தேற்றிவிட்டால், சித்திரை வெயில் வரும்போது அவற்றுக்குக் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கும். பங்குனியில் தொடங்கினால் வேர் வருவதற்குள் இலை சுருங்கிவிடும். ஐப்பசியில் தொடங்கினால் அழுகிவிடும். கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலரும் தெளிப்பானும் கையுமாக மாடியேறுகிறார்கள். உலர்ந்த காற்று வீசும் ஊருக்குச் சொன்ன யோசனை கடலோரத்து ஊருக்குப் பொருந்தாது.

நர்சரிக்குப் போனால் முதலில் கண்ணை இழுப்பவை எச்செவேரியாக்கள்தாம். ரோஜா அடுக்கில், சாம்பல் நீலமும் இளஞ்சிவப்புமாக மேசை நிறைய உட்கார்ந்திருக்கும். இவற்றின் தாயகம் மெக்சிகோவின் மேட்டு நிலங்கள். நம் ஊர்க் கடைகளுக்கு வருபவற்றில் பலவும் ஊட்டியிலோ காலிம்போங்கிலோ வளர்ந்து பெட்டி பெட்டியாக இறங்குபவை. எங்கள் பக்கத்து நர்சரிக்காரர் ஒளிவு மறைவு இல்லாத மனிதர். "சார், இது மலைச் சரக்கு. மே மாதம் வரைக்கும்தான் நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் பணத்தை வாங்குவார். அவர் சொல்வது வியாபாரப் பேச்சு இல்லை என்பது கோடையில் தெரியும்.

ஆகவே இந்த முறை எச்செவேரியாவை மட்டும் நம்பாமல் கலவையாக எடுத்துக்கொண்டேன். 'பெர்லே ஃபான் நூர்ன்பெர்க்' என்ற ஊதா எச்செவேரியா, கோஸ்ட் பிளாண்ட் என்று எல்லோரும் சொல்லும் கிராப்டோபெட்டலம், குரங்கு வால்போல் தொங்கும் சீடம், ஜேட், காஸ்டீரியா. தனியாக ஒரு தொட்டியில் ஸ்நேக் பிளாண்ட். இதில் கிராப்டோபெட்டலம் ஜன்னலோரத்தில் வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று வளர்ந்து, அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அப்படி நீண்ட தண்டு திரும்பவும் குட்டையாகாது. தலையை வெட்டித் தனியாக நட்டுவிட்டு, தண்டில் இருக்கும் இலைகளைப் பதியத்துக்குப் பறித்துக்கொள்வதுதான் வழி. மீதியிருக்கும் மொட்டைத் தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் பக்கவாட்டிலும் துளிர்கள் வரும்.

பாதி வெற்றி பறிப்பதிலேயே இருக்கிறது. எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், சீடம், ஜேட் அடங்கிய குடும்பத்தில் புதுச் செடியாக வளரக்கூடிய ஆக்குத்திசு இலையின் அடியில், தண்டோடு ஒட்டும் அந்தச் சிறு விளிம்பில் இருக்கிறது. இலை நடுவில் ஒடிந்தால் அது வேர் விட்டாலும் குட்டி விடாது. இலையை அடியோடு பிடித்து, மேலும் கீழும் இழுக்காமல், இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மெல்ல அசைத்தால் 'டிக்' என்று சுத்தமாகக் கழன்று வரும். அடிப்பக்கம் குழியில்லாமல் முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடித்துப் புடைத்திருக்கும் இலை எளிதில் ஒடிந்துவிடும் என்பதால் பறிப்பதற்கு முன் ஒரு வாரமாவது தாய்ச்செடியைக் காயவிடுவது நல்லது. மஞ்சள் பாய்ந்த கடைசி இலைகளால் பயனில்லை. அவற்றுக்கு ஒரு வரிசை மேலே இருக்கும் தடித்த இலைகளே சரி.

சீடத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. தொட்டாலே உதிரும். எச்செவேரியாவோ நேர்மாறு. அடுக்கு நெருக்கமாக இருப்பதால் விரல் நுழையாது, நுழைந்தால் பக்கத்து இலையின் மேல் பூசினாற்போல் இருக்கும் வெள்ளை மெழுகுப் பொடி அழிந்துவிடும். ஒருமுறை அழிந்த பொடி அந்த இலையில் திரும்ப வராது. அதனால் நான் எச்செவேரியாவின் பூந்தண்டிலிருக்கும் சின்ன இலைகளை எடுத்துக்கொண்டேன். தை மாதத்தில் பூந்தண்டு நீண்டிருந்தது வசதியாகப் போயிற்று. இந்தக் குட்டி இலைகள் பல கலப்பினங்களில் பெரிய இலைகளைவிடச் சுலபமாகக் குட்டி விடுகின்றன. செடியின் அழகும் கெடுவதில்லை.

பறித்த இலைகளை முறத்தில் செய்தித்தாள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில் வைத்தேன். பறித்த இடம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். வறண்ட ஊரில் இரண்டு மூன்று நாள் போதும். கடற்காற்று ஈரத்தில் ஒரு வாரம் ஆகிறது. மொட்டை மாடிக்குப் பெருக்க வரும் அக்காவிடம், "இது குப்பை இல்லை அக்கா, பதியம்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். முறத்தைப் பார்த்துவிட்டு, "வடகமா சார்?" என்று கேட்டார். லவங்கப்பட்டைப் பொடி, தேன், கற்றாழைச் சாறு என்று வெட்டுவாயில் தடவச் சொல்பவர்கள் உண்டு. தேன் தடவினால் எறும்பு வரும், அவ்வளவுதான். வேரூக்கிப் பொடிக்கும் இங்கே அவசியம் இல்லை. இந்த இலைகள் தாமாகவே வேர் விடுபவை. நமக்கு வேண்டியது குட்டி.

மண்கலவையில் நீர் வடியச் சேர்க்கும் பெர்லைட், பியூமிஸ் போன்ற இலகுவான கல் வகைகளைத் தேடி அலையாமல், பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் கிடந்த உடைந்த செங்கல்லை எடுத்துவந்து நொறுக்கினேன். அரிசி சலிக்கும் சல்லடையில் தூளை நீக்கிவிட்டு, பச்சரிசி முதல் கடலைப் பருப்பு வரையிலான அளவில் இருக்கும் குருணையை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். தூள் இருந்தால் அடியில் சேறாகப் படிந்து நீர் வடியும் வழியை அடைத்துவிடும். குருணை மூன்று பங்குக்குத் தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவியே சேர்க்க வேண்டும். அதில் இயல்பாகவே உப்பு அதிகம். ஏற்கெனவே நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்புக்குக் குறைவில்லை. தோட்டத்துச் செம்மண்ணை இதில் ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. செம்மண் கெட்டிப்பட்டு இறுகும். பெரிய செடிக்குப் பரவாயில்லை, மயிரிழை வேருக்கு ஆகாது.

இனி நான் உண்மையில் சோதிக்க நினைத்தது. ஒரே நாளில் பறித்த இலைகளை, ஒவ்வொரு செடியிலிருந்தும் இரண்டு தட்டுகளுக்கும் பிரித்துப் பரப்பினேன். முதல் தட்டில் மேற்சொன்ன கலவை, காணொளிகளில் காட்டுவதுபோல் தினமும் காலை தெளிப்பு. இரண்டாவது தட்டில் மண்ணே இல்லை. காய்ந்த செங்கல் குருணை மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டும் ஒரே நிழல்வலையின் அடியில், கிழக்குப் பார்த்த கைப்பிடிச் சுவரை ஒட்டி, காலை வெயில் மட்டும் விழும் இடத்தில்.

நனைந்த தட்டில் முதலில் வேர் வந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் வெளிறி, மஞ்சளாகி, தொட்டால் கூழாகும் நிலைக்கு வந்தன. கிராப்டோபெட்டலத்தில் பாதிக்கு மேல் தப்பியது. எச்செவேரியாவில் விரல்விட்டு எண்ணுமளவுதான். அழுகும் இலையை உடனே பொறுக்கிப் போடாவிட்டால் பக்கத்து இலைக்கும் பரவுகிறது. காய்ந்த தட்டில் வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல் இருந்தது. பிறகு ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பு நூல்களாக வேர்கள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் கடுகளவில் பச்சை முடிச்சு. அழுகல் அநேகமாக இல்லை. இலை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேர் வரும்வரை அதற்கு நாம் ஊட்ட வேண்டியதில்லை. அதைச் சுற்றிக் காற்று ஓடினால் போதும்.

இது ஏன் சாத்தியம் என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, அதுவும் நம் பக்கத்தில் நடந்தது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், இதே குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையை வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது லண்டனிலுள்ள லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பின் வெளியீட்டில் 1815இல் அச்சானது. இந்தச் செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து வாயுவை எடுத்து உணவு தயாரிக்கின்றன என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. பகலில் மூடியிருப்பதால் நீர் வீணாவதில்லை. கடும் வறட்சியில் இரவிலும் துளைகளை மூடிவிட்டுத் தன் மூச்சில் வெளிவரும் வாயுவையே திரும்பப் பயன்படுத்திக் காலம் தள்ளவும் இவற்றால் முடியும். செடியிலிருந்து கழன்ற இலை வாரக்கணக்கில் முறத்தில் கிடந்தும் சாகாததன் காரணம் இதுதான்.

நான் மென்று பார்க்கவில்லை. ரணகள்ளி இனத்தில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு, அதைத் தின்று மாடுகள் இறந்திருக்கின்றன. மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும், அமிலத்தன்மையை நிறத்தில் காட்டும் பி.ஹெச். தாள் ஒரு கட்டு வாங்கி, விடிந்ததும் ஒரு இலையையும் பொழுது சாயும்போது இன்னொன்றையும் நசுக்கித் தாளில் வைத்தேன். காலையில் 4ஐ ஒட்டிய நிறம், மாலையில் 5க்கும் 6க்கும் இடையில். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து காட்டலாம். தாளைத் தவிர வேறு செலவு இல்லை. ஹெய்னின் நாக்கு அபாரம் என்பது தெரியவரும்.

எச்செவேரியா ஏன் சென்னையில் தவிக்கிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. அதன் சொந்த மண்ணில் பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். இந்த இரவு வேலை முழுவதும் அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் நடக்கிறது. மே மாதச் சென்னையில் இரவே 27, 28 டிகிரி. அந்தச் சூட்டில் அமிலம் சேர்வது குறைகிறது, மூச்சுக்குச் செலவாவது கூடுகிறது. மேலே ஈரக்காற்று, அடியில் நனைந்த மண் என்றால் வேர் அழுகலும் சேர்ந்துகொள்கிறது. பகல் வெயிலைக் குறைக்க நிழல்வலை கட்டலாம். இரவைக் குளிர வைக்க மொட்டை மாடியில் வழியில்லை.

வேர் எட்டிப் பார்த்ததும் காய்ந்த தட்டிலிருந்த இலைகளைக் கலவைக்கு மாற்றினேன். இலையைக் குத்தி நடக் கூடாது. வேர் மட்டும் மண்ணுக்குள் போகும்படி சின்னப் பள்ளம் தோண்டி, இலையைப் படுத்தவாக்கில் வைத்து, வேரின் மேல் ஒரு சிட்டிகை குருணை தூவினால் சரி. தண்ணீரை இலை மேல் ஊற்றாமல், தட்டை ஒரு பாத்திர நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டேன். மேற்பரப்பு காய்ந்து, மேலும் இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த முறை. மாலையில் ஊற்றினேன், மறுநாள் வெயில் ஏறுமுன் வேர் குடித்துவிடும். தண்ணீருக்கு ஏசியிலிருந்து வடியும் நீரை வாளியில் பிடித்துக்கொண்டேன். உப்பில்லாத நீர். கிணற்று நீர் ஊற்றிய தொட்டிகளில் விளிம்பில் வெள்ளையாகப் படிவது இதில் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு அதிகம். இந்தக் குட்டிகளுக்கு அது வேண்டாம்.

சில இலைகள் கட்டுக் கட்டாக வேர் விட்டு, குட்டி மட்டும் விடாமல் மாதக்கணக்கில் பச்சையாக உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்த ஆக்குத்திசு பறிக்கும்போதே போயிருக்கும். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதில் துளிர் வராது. வேறு சில நேர்மாறாகக் குட்டியை விட்டுவிட்டு வேரைத் தாமதிக்கும். அவற்றைக் கொஞ்சம் ஈரக் கலவையின் பக்கம் நகர்த்தினால் வழிக்கு வரும். ஜேட் நிதானமான பேர்வழி. காஸ்டீரியா இன்னும் நிதானம். அதன் இலை மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துவிட்டு ஒருநாள் திடீரென்று இரண்டு மூன்று குட்டிகளைத் தள்ளும். கிராப்டோபெட்டலம்தான் சென்னைக்கு ஏற்ற செடி. வேர், குட்டி, வெயில் எதிலும் பிகு பண்ணாது.

குட்டி வளர வளரத் தாய் இலை சுருங்கி மெல்லிய காகிதமாகும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைப் பிய்த்துவிடுகிறவர்கள் அதிகம். இலையில் ஈரம் இருக்கும்வரை குட்டி அதிலிருந்துதான் உண்கிறது. முழுக்கக் காய்ந்தபின் தானாகவே கழன்றுவிடும். கழலாமல் பிய்த்தால் குட்டியின் வேரும் கூடவே வரும்.

மாசி நடுவில் மாவுப்பூச்சி வந்தது. எறும்புகள் வரிசையாகத் தட்டு வைத்த மேசையின் காலில் ஏறுவதைப் பார்த்தாலே சந்தேகப்பட்டுக் குட்டிகளின் நடுவைப் பார்க்க வேண்டும். எறும்பு அந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காக்கிறது. மேசையின் நான்கு கால்களையும் நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். எறும்பு நின்றதும் வேலையில் பாதி முடிந்தது. வேப்பெண்ணெய் நம் வீட்டு வைத்தியம்தான். லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். ஆனால் மெழுகுப் பொடி பூத்த இலையில் அதைத் தெளித்தால் பொடி கரைந்து இலை பச்சைக் குழாய்போல் பளபளக்கும். அவற்றுக்குச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, பூச்சியின் மேல் மட்டும் வைத்தால் போதும். வெயில் தாழ்ந்த பிறகு செய்ய வேண்டும். சட்டி மாற்றும்போது வேரிலும் வெள்ளைப் பஞ்சு தென்பட்டால் அந்தக் கலவையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

ஸ்நேக் பிளாண்ட் தனிக் கணக்கு. நார் எடுக்க நம் நாட்டில் பயன்பட்ட மருளின் நெருங்கிய உறவுக்காரச் செடி இது. எங்கே வெட்டினாலும் வேர் விடும் என்பதால் நீண்ட இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டலாம். எது மேல், எது கீழ் என்பது மட்டும் மாறக் கூடாது. தலைகீழாக நட்டால் ஒன்றும் வராது. நான் கீழ்ப்பக்கத்தைக் கவிழ்த்த 'வி' வடிவில் வெட்டிவிடுகிறேன். குழப்பமும் இல்லை, வேர் வர இடமும் அதிகம். மஞ்சள் விளிம்பு ரகத்தை இப்படிப் பெருக்கினால் குட்டிகள் வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த மஞ்சள் கரை இலையின் வெளி அடுக்கில் மட்டும் இருக்கும் மாற்றம். துண்டிலிருந்து உருவாகும் புதுக் குட்டிக்கு அந்த அடுக்கமைப்பு போய்ச் சேர்வதில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி.

இலையில் வராதவற்றுக்கு வீணாகத் தட்டை ஒதுக்க வேண்டாம். சோற்றுக்கற்றாழை இலையை எத்தனை பேர் மண்ணில் குத்திவைத்துக் காத்திருக்கிறார்களோ! அது அழுகும், அவ்வளவுதான். பக்கக் கன்றுகளைப் பிரித்தால் போதும். ஏயோனியத்துக்குத் தண்டு வேண்டும். பத்துமணிப் பூவுக்கு ஒடித்த குச்சி போதும். ரணகள்ளியை யாரும் பதியம் போடத் தேவையில்லை. இலையின் விளிம்புப் பள்ளங்களில் குட்டிகள் தயாராகக் காத்திருக்கும். சுவரில் கட்டித் தொங்கவிட்டாலே முளைக்கும். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று அதற்கு ஊரில் பெயரே உண்டு. அதை என் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. உதிர்ந்த இடமெல்லாம் முளைத்து எது என் பதியம் என்றே தெரியாமல் செய்துவிடும்.

பங்குனி பிறந்ததும் தேறிய குட்டிகளைச் சிறிய மண்சட்டிகளுக்கு மாற்றினேன். பிளாஸ்டிக்கைவிட மண்சட்டியில் ஈரம் பக்கவாட்டிலும் ஆவியாகும், வேர்ப்பகுதியும் சற்றுக் குளிர்ந்திருக்கும். குட்டியைவிட ஒரு விரல் அகலமான சட்டி போதும். பெரிய சட்டியில் வேர் தொடாத மண் நாளெல்லாம் ஈரமாகக் கிடக்கும். கிராப்டோபெட்டலமும் ஜேட்டும் 50 சதவீத நிழல்வலையின் அடியிலேயே அக்கினி நட்சத்திரத்தைக் கழிக்கும். காஸ்டீரியா ஜன்னலுக்கு உள்ளே வரும்.

எச்செவேரியாக் குட்டிகளைப் பெங்களூரிலிருக்கும் அக்காவுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். அங்கே மே மாத இரவும் 22 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. அனுப்பும் முறை சுலபம்: வேரிலிருந்து மண்ணை முழுக்க உதறி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் டிஷ்யூ தாளில் சுற்றி, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் அசையாமல் அடுக்க வேண்டும். ஈரத்துணியில் சுற்றி அனுப்பினால் வழியிலேயே அழுகும். பெட்டியின் உள்மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் வைத்தேன்: "அக்கா, வந்தவுடன் நட்டுவிடு. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதே."